ஒரு கை உமி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் தானாக முளைக்கவில்லை. ஒரு தொகுப்பாசிரியர் கேட்டார்: "சுனாமியும் போரும் சேர்ந்த மாதிரி ஒன்று தாருங்கள், மட்டக்களப்புக்காரர்தானே நீங்கள்." எங்கள் ஊர் என்றாலே இந்த இரண்டையும் சோறும் கறியும் போலப் பிசைந்து கொடுக்கவேண்டும் என்று ஒரு நினைப்பு. எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சரி என்றேன். அச்சில் பெயர் வரும் ஆசை யாரை விட்டது?

ஓட்டமாவடியில் ஸாலிஹா என்பவர் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு ஸ்பொஞ்ச் மெத்தை செய்கிறார், வவுணதீவுப் பெண்ணான கேதீஸ்வரி அதற்குள் நெல் உமியைக் கலக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். யுத்தம் முடிந்து அடுத்த வருடம் அது. பஸ்ஸில் போகும்போதே முதல் வாக்கியத்தைத் தொடங்கிவிட்டேன்:

கடல் கணவனைக் கொண்டுபோன அந்தக் காலையில் கேதீஸ்வரி

2

"எந்தக் கடல்?" என்று கேட்டாள் கேதீஸ்வரி. பெரிய தாச்சியில் உமி வறுத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் தூள். எழுதியதை வாசித்துக் காட்டியது என் மடத்தனம்.

"சுனாமி..." என்றேன்.

"வாவிக்கு அங்கால இரிக்கிற எங்களிட்டக் கடல் வரல்ல சேர். என்ட புருஷன் இன்னொருத்தியோட கொழும்பில இரிக்கார். நல்லாத்தான் இரிக்கார். அந்தாள ஏன் சாக்காட்டுறீங்க?"

ஸாலிஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

[கணவனைக் கொல்லும் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு நல்ல வாக்கியம் போய்விட்டது.]

3

ஸ்பொஞ்ச் எப்படிச் செய்வது என்று எனக்கும் அதுவரை தெரியாது. இரண்டு கான்களில் இரண்டு திரவம். ஸாலிஹா அவற்றை 'மருந்து' என்பார். இரண்டையும் வாளியில் ஊற்றி, துளைபோடும் மெஷினில் மத்தைப் பூட்டி அடித்து, பலகைப் பெட்டிக்குள் கொட்டினால், கண்முன்னாலேயே பொங்கி எழும்பி இறுகிக் கட்டியாகிவிடும். அது எழும்பும்போது கொட்டிலில் எல்லோரும் கைவேலையை விட்டுவிடுவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள்.

உமி எதற்கு? இங்கேதான் சுனாமி வருகிறது, நான் கூப்பிடாமலே. கடற்கரையோரம் குருக்கள்மடத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு நிவாரணமாகக் கிடைத்த மெத்தை ஒன்று கைமாறிக் கேதீஸ்வரியின் வீட்டுக்கு வந்தது. அதில் அவளுடைய தம்பி ரதீஸைக் கிடத்தினார்கள். 2007இல் வயலுக்குப் போனவனின் முதுகில் செல் குண்டுத் துண்டு பாய்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. (எந்தப் பக்கத்துச் செல் என்று தொகுப்பாசிரியர் கேட்பார். கேட்கட்டும். நான் எழுதப்போவதில்லை.)

நிவாரண மெத்தை சில மாதத்தில் குழி விழுந்தது. ரதீஸின் இடுப்பெலும்பு பலகையில் முட்டியது. அவனுக்கோ வலி தெரியாது. புண் வந்து எலும்பு வரைக்கும் போன பிறகுதான் நாற்றத்தில் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்த டொக்டர், இன்னொரு முறை இப்படி வந்தால் ஆள் தப்பமாட்டான் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கே கேதீஸ்வரி மெத்தைக்காரரைத் தேடி ஓட்டமாவடிக்கு வந்தாள். குழி விழாத மெத்தை வேண்டும் என்றாள். நல்ல இறுக்கமாக ஊற்ற மருந்துச் செலவு கட்டாது என்றார் ஸாலிஹா. "அப்ப வேற என்னத்தையாவது சேப்பம்" என்றாள். முதலில் தும்புச் சோறு, அதாவது தேங்காய் மட்டைத் தூள், சேர்த்தார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டி பணியாரம் போல ஊதி வெடித்தது. பிறகுதான் வறுத்து அரைத்த உமித்தூள்.

4

[இந்த இடத்தில் 'இயற்கைக்குத் திரும்புதல்' பற்றி ஒரு நீண்ட பந்தி இருந்தது. வெட்டிவிட்டேன். அவர்கள் எங்கும் திரும்பவில்லை. ரைஸ் மில்லுக்குப் பின்னால் உமி சும்மா கிடந்தது, அவ்வளவுதான்.]

உமி சேர்த்த கட்டிகளும் விழுந்தன. நன்றாக எழும்பும், பிறகு நடு இடிந்து கீழே போகும். தூளைச் சரியாகத்தான் அளந்தார்கள். மருந்தில் பிழை என்றார் ஸாலிஹா. காற்றில் ஈரம் என்றாள் கேதீஸ்வரி. விழுந்த கட்டிகளைத் தலையணைக்குத் துண்டு போட்டார்கள்.

வீட்டில் தனியே விட முடியாமல் கேதீஸ்வரி கூடவே கொண்டுவந்து வைத்திருந்த ரதீஸ், கொட்டில் ஓரத்தில் கட்டிலில் குப்புறக் கிடப்பான். முதுகுக்குக் காற்றுப்பட வேண்டுமாம். வாய் மட்டும் சும்மா இராது.

"அக்கா, கடைசியா ஒரு கை போடுறாய்."

"எங்க போட்டன்?"

"அளந்து கொட்டினாப்புறகு. ஒவ்வொருக்காவும் போடுறாய். நான் எத்தின நாளாப் பாத்துக்கிட்டுக் கிடக்கன்."

கேதீஸ்வரி தன் கையைப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் களத்தில் நெல் அளந்தால், கடைசி மரைக்கால் கொட்டியதும் மேலால் ஒரு கை அள்ளிப் போடுவார்கள். பொலிய வேண்டும் என்று. போடாமல் எழும்பினால் வட்டைக்கே, அந்த வயல்வெளி முழுவதற்குமே, ஆகாது. அந்தக் கை அவளுக்குத் தெரியாமலே உமியையும் அள்ளிப் போட்டிருக்கிறது.

"அப்ப அத விட்டிரு புள்ள" என்றார் ஸாலிஹா.

"ஏலா ராத்தா. போடாமப் பெட்டிய மூட எனக்கு மனம் வராது."

"உன்ட மனத்துக்காகவா என்ட மருந்து வீணாப் போற?"

இந்தப் பெண்ணை இங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பார்த்தேன். பாத்திரம் வளர வேண்டும் அல்லவா? அவள் வளர மறுத்தாள். அளந்து வைத்த தூளிலிருந்து முதலில் ஒரு கை எடுத்து வேறாக வைத்தாள். மிச்சத்தைக் கலந்தாள். கடைசியில் அந்தக் கையைப் போட்டாள்.

"பொலி!" என்றான் ரதீஸ் கட்டிலிலிருந்து.

கட்டி எழும்பியது. நின்றது.

5

மறுநாள் ஓரம் சீவி எடுத்த மெத்தை, கையால் அழுத்தினால் மெதுவாகத் தாழ்ந்து மெதுவாக எழும்பியது. அன்றைக்கென்று ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து திட்ட அலுவலர் கனகசிங்கம் வந்தார். (நல்ல மனிதர். கெட்டவராக எழுத முயன்றேன், ஒட்டவில்லை.)

"இதக் கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டிச் சோதிக்க வேணும். சரிவந்தா உங்களுக்குப் பெரிய மெஷின் வரும். மெத்தையில 'சுனாமி விதவைகளின் தயாரிப்பு' எண்டு ஒரு லேபல் அடிப்பம்."

"என்ட புருஷன எத்தின பேர்தான் சாக்காட்டுவீங்க?" என்றாள் கேதீஸ்வரி.

"லேபல விடுங்கோ. மெத்தையத் தாங்கோ" என்றார் அவர்.

இருந்தது அந்த ஒன்றுதான். இரண்டு கான்களும் காலி. அடுத்த மருந்து எப்போது வரும் என்று ஸாலிஹாவுக்கே தெரியாது. மெத்தை போனால் கொட்டிலுக்கு வழி பிறக்கும். ரதீஸ் பழைய குழிக்குள் கிடப்பான்.

இந்த இடத்தில் தமிழ்ப் பெண்ணுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் ஒரு சண்டை எழுத அரைப் பக்கம் விட்டுவைத்திருந்தேன். தொகுப்பாசிரியர் மகிழ்ந்திருப்பார். ஸாலிஹா என் கொப்பியை எட்டிப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். மெத்தையின் ஒரு தலைப்பைப் பிடித்தார்.

"மறுபக்கம் தூக்கு புள்ள, தம்பிட கட்டிலுக்கு. மிசின் வராட்டிப் போகட்டும். நான் மிசினக் கண்டா கொட்டில் போட்டன்?"

அப்படி எழுத நான் நினைத்திருக்கவே இல்லை. அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

6

முடிவு ஒன்று: மெத்தை தாங்கியது, கனகசிங்கம் திரும்பி வந்தார், வவுணதீவு உமி நாடெல்லாம் போனது. இதைச் சந்தோஷத்தில் எழுதினேன். பொய்.

முடிவு இரண்டு: சில வாரத்தில் ரதீஸின் இடுப்பில் மறுபடியும் ஒரு

இல்லை. இதை எழுதமாட்டேன். கிழக்கில் கதை என்றால் ஆள் சாகத்தான் வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? துக்கம் கேட்டு வருகிறவர்கள் வேறு கடைக்குப் போகலாம்.

உண்மையில் எனக்கு முடிவு தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, புது மெத்தையில் மல்லாந்து படுத்திருக்கும் ரதீஸை ஒருபக்கமாகத் திருப்பி, தோல் சிவந்து புண் தொடங்குகிறதா என்று பார்ப்பது. அவனைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். ஸாலிஹா தொழப் போய்விட்டார். நான் எழும்பினேன்.

"நீங்க வேணா சேர்" என்றாள் கேதீஸ்வரி. "நீங்க பாத்தா எழுதுவீங்க."

"அழுதுகிட்டு வாற ஆக்களும் வேணா" என்றான் ரதீஸ். "தூக்கத் தெரிஞ்ச ஆராவது வாங்க."

ஆகவே வாசகரே, உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் வெளியே போகிறேன். கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். தோளுக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. அந்தப் பக்கம் அவள் பிடித்துவிட்டாள்.

"இழுக்காதீங்க" என்கிறாள். "உருட்டுங்க."