ஊர்ந்துகொண்டே இருந்த கார்

சவப்பெட்டி உள்ளே வர வழி வேண்டும் என்று மேசையைத் தூக்கியபோது, அதன் மேலிருந்த பொம்மைக் காருக்குள் ஏதோ கிர் கிர் என்று துடித்தது. பக்கத்து வீட்டுப் பச்சியப்பன் பிடியை விட்டுவிட்டார்.

“உள்ள எலி பூந்துக்கிச்சாட்டம் இருக்குதுங்க.”

“எலி இல்லீங்க மாமா. சுவிட்சு போட்டபடியே கெடக்குது,” என்றாள் வேளாங்கண்ணி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. காரை அண்ணன் ஏன் அணைக்கவில்லை?

கூடத்துப் பெஞ்சில் ஞானராஜ் வெள்ளை வேட்டியில், விரல்களில் ஜெபமாலையோடு கிடந்தான். இருபத்தேழு வயது. சின்ன வயதுக் காய்ச்சலில் பழுதான இதயம். நேற்று மாலை இந்த மேசை மீது சாய்ந்தவன் எழவில்லை. அந்த நேரத்தில் அவள் தர்மபுரியில் மாலை வகுப்பில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

கார் ரஷீதுடையது. ஞானராஜ் ரேடியோ ரிப்பேர் செய்த கடையின் முதலாளி அவர். அவருடைய அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய அது, டப்பாவில் துண்டு துண்டாக வந்தது. ஞானராஜ் ஒரு மாதம் உட்கார்ந்து பூட்டியும் ஒரு குறை தீரவில்லை. ரிமோட்டின் குச்சியை விட்டுவிட்டாலும் கார் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தது. காருக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கை செப்புத் தகடுகளின் மேல் நகரும். நடுத் தகட்டில் இருந்தால் கார் நிற்க வேண்டும், கடைசித் தகட்டுக்குப் போனால் முழு வேகம். நடுவைச் சரி செய்தால் வேகம் குறைந்தது. வேகத்தைச் சரி செய்தால் நடு தவறியது.

நேற்று நாலரை மணிக்குக் கூப்பிட்டான்.

“கண்ணு, அஞ்சே நிமிசம். இந்தக் குச்சிய முழுசா முன்னாடி தள்ளிப் புடிச்சுக்க. நான் உள்ள அந்தக் கையோட கம்பிய முறுக்கிச் சரி பண்ணிக்கறேன்.”

விட்டால் ஸ்பிரிங் குச்சியை நடுவுக்கு இழுத்துவிடும். அதனால் பிடிக்க ஓர் ஆள், முறுக்க ஓர் ஆள் வேண்டும்.

“பஸ்ஸு போயிரும்ணா. நாளைக்கு.”

“போ போ. டைப்படிச்சுக் கலெக்டராவப் போறவள நிறுத்தக்கூடாது.”

தினமும் எதையாவது எழுதிவைக்கும் அவள் நோட்டில், அவன் சொல்லச் சொல்ல எழுதிய பக்கம் ஒன்று இருந்தது. போடும்போது முதலில் ரிமோட், பிறகு கார். அணைக்கும்போது முதலில் கார், பிறகு ரிமோட். ரிமோட் இல்லாத கார் கண்ட அலையையும் பிடித்துத் துடிக்கும். அந்த வரிசையை அவன் ஒருநாளும் மாற்றி அவள் பார்த்ததில்லை. இப்போது காரின் சுவிட்ச் போட்டிருக்கிறது, ரிமோட்டைக் காணவில்லை. வெறுத்துப்போய்த் தூக்கிப் போட்டுவிட்டானா? இல்லை, எதை முதலில் அணைப்பது என்றே தெரியாத அளவுக்கு அப்போதே முடியாமல் இருந்தானா? தனியாகப் போராடிக் களைத்தானா? அஞ்சு நிமிடம்தான் கேட்டான். அடுத்த பஸ் ஐந்தேகாலுக்கு இருந்தது.

காரை அணைத்தாள். துடிப்பு நின்றது.

ரஷீத் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஞானராஜின் காலடியில் வெகுநேரம் நின்றுவிட்டு மேசைப் பக்கம் திரும்பினார்.

“ரஷீத் அண்ணா, ரிமோட் கடையில இருக்குதுங்களா?”

“இல்லியேம்மா. எல்லாம் இவன்கிட்டத்தான் இருந்துச்சு.”

மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மதலேனம்மாள் அத்தை நிமிர்ந்தாள். “அந்த ரேடியோவையா தேடற? நான்தான் அணைச்சு, ஏரியலை மடக்கி, அரிசி டப்பா மேல வெச்சேன். சாவு வூட்டுல ரேடியோ எரியலாமா?”

“ரேடியோங்களா? பாட்டு வந்துச்சுங்களா அத்தை?”

“பாட்டு எங்க வந்துச்சு? செவப்பு லைட்டுதான் எரிஞ்சுது. ஸ்டேசன் கெடைக்கலையாட்டம்.”

ரஷீதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமாயிற்று.

“நேத்து நீங்க வந்தப்ப கார்ச் சக்கரம் சுத்துச்சுங்களா?” என்றாள் வேளாங்கண்ணி.

“செங்கல்லு மேல நின்னுக்கிட்டு மிசினாட்டம் சுத்துச்சு. நான் அதப் பாப்பனா, எம் புள்ளயப் பாப்பனா? இவ ஒருத்தி, இந்நேரத்துல வந்து கேக்கறா.”

அவள் சமையலறைக்குப் போய் ரிமோட்டை எடுத்தாள். குச்சி நடுவில் இல்லை. முழுக்க முன்னால் தள்ளி, நீல ரிப்பனால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. ஆணியில் தொங்கிய அவளுடைய ரிப்பன். தலையில் கட்டுவது போலவே முடிச்சில் பூ வைத்திருந்தான், இழுத்தால் அவிழும்படி.

கூடத்துக்குக் கொண்டுவந்ததும் ரஷீத் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “ஆளு இல்லைன்னதும் இதக் கட்டிட்டு வேலயப் பாத்திருக்கான், கில்லாடி.”

“வேகம் சரியாயிருச்சுங்களா? நடுவு?”

“அதப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். அப்பறமாப் பாக்கலாம்மா.”

கோயில் மணி ஒவ்வொன்றாக விட்டு விட்டு அடிக்கத் தொடங்கியது. “சாமியாரு வந்துட்டாருங்க,” என்று வாசலில் யாரோ சொன்னார்கள். “தங்கச்சி எங்க? அண்ணன் நெத்தியில கடைசி முத்தி செய்யக் கூப்புடுங்க.”

“ஒரு நிமிசம்ணா,” என்று ரிமோட்டைத் திரும்ப வாங்கி, காரின் மூடியைத் தூக்கினாள்.

முதலில் ரிமோட். சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு கார். மோட்டார் பேட்டரி ராத்திரியே தீர்ந்திருக்க வேண்டும், சக்கரம் அசையவில்லை. பென்சில் செல்லில் ஓடும் அந்தக் கை மட்டும் ஒரே வீச்சில் போய்க் கடைசித் தகட்டின் மேல் சரியாக நின்றது.

ரிப்பனின் ஒரு நுனியை இழுத்தாள். குச்சி டக்கென்று நடுவுக்கு வந்தது. கை திரும்பி வந்து நடுத் தகட்டில் நின்றது. முன்பெல்லாம் ஒரு நூல் தள்ளித்தான் நிற்கும். அவள் குனிந்து பார்த்தாள். கண் தப்பாகப் பார்க்கிறதோ என்று விளக்கைக் கிட்டே இழுத்து மறுபடி பார்த்தாள். பத்து வரை எண்ணினாள். கை அசையவில்லை.

பெட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் காரை அணைத்தாள். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்தது. அத்தை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அணை என்று சொல்லவில்லை. சுருக்கம் விழுந்த ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டு, பிறகு ரிமோட்டை அணைத்தாள்.