கங்காணி குடித்த தண்ணீர்

தன் மகளைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரத் தெமோதரை ஸ்டேஷனுக்குப் புறப்பட்ட சங்கிலிமுத்துக் கங்காணி, வாசலைத் தாண்டியதும் சடாரென்று திரும்பி உள்ளே போனார். எதிரே கருப்பம்மா நின்றாள். தாலியறுத்தவள் எதிர்ப்பட்டால் திரும்பிப் போய் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்கவேண்டும். குடித்தார், இறங்கினார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மறுபடி உள்ளே. மூன்றாவது செம்பைக் கொடுக்கும்போது கங்காணியின் மனைவியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எல்லாம் அந்த அணையால் வந்த வினை. தேயிலை ஆலைக்காக வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஆற்றை மறித்துக் கட்டிய சின்ன அணை அது. அவர் சீமைக்குப் போனபின் தோட்டத்தோடு அணையும் பதுளை முதலாளி ஒருவரின் சொத்தாயிற்று. அதற்கு நேர் கீழே, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயம். அதில் கடைசி அறை, கடைசிக் காம்பறா, கருப்பம்மாவுடையது. அணையடியில் தெளிவாகக் கசிந்துகொண்டிருந்த தண்ணீர், ஐப்பசி மழைக்குப் பிறகு செம்மண்ணாக வந்தது. உள்ளே மண் கரைகிறது என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கங்காணியிடம் போய்ச் சொல்லத்தான் ஆளில்லை.

கருப்பம்மா போய்ச் சொன்னாள். முதலாளி அணைக்கென்று அனுப்பிய சிமெந்து மூட்டைகளோ கங்காணி வீட்டுப் பின்புறம் படுத்திருந்தன. கல்யாணத்துக்கு முன் முற்றத்துக்குத் தரை போடவேண்டுமே! அவர் அவள்மேல் எரிந்து விழுந்தார். தாலியறுத்தவள் கண் பட்டுத்தான் அணை கசிகிறதாம். இனி அவள் அணைப் பக்கம் தலைகாட்டவே கூடாதாம். திருடியது இவர் கை, பழி அவள் கண்ணுக்கு. நல்ல நியாயம்தான்.

அன்று மூன்றாவது செம்பையும் குடித்துவிட்டு, வாசலில் நின்றே கங்காணி கத்தினார். "வழிய விட்டுப் போறியா இல்லியா?"

"எங் கண்ணு பட்டே ஒடையிற அணைக்குக் கீழ எப்புடிங்க படுக்கிறது? அதான் இங்கயே இருந்துக்கலாம்னு வந்துட்டேன்."

மலைக்கு அப்பால் ரயில் கூவியது. கங்காணி நாலு பேரைக் கூப்பிட்டு மூட்டைகளை அணைக்குத் தூக்கச் சொன்னார். கடைசி மூட்டையும் போனபின் அவள் ஒதுங்கினாள். மூன்று செம்புத் தண்ணீரும் வயிற்றில் குலுங்க அவர் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

அணையடியைத் தோண்டிக் கல்லும் சிமெந்தும் வைத்து இறுக்கினார்கள். கசிவு நின்றது. மதகுக் கதவு மட்டும் துருவேறி இறுகிக் கிடந்தது. வெள்ளம் வந்தால் திறக்க வழியில்லை. கங்காணி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் பக்கத்துக் காம்பறா ராக்காயி வந்தாள். லயத்துச் சனமெல்லாம் சேர்ந்து அனுப்பியதாம்.

"அக்கா, அடுத்த வாரம் கங்காணி மக நிச்சயத்துக்குப் பண்டாரவளைக்குக் கெளம்புறாராம். அந்த மதகுக்காகக் கொஞ்சம் வந்து நில்லுங்களேன்."

கருப்பம்மா சரியென்றாள். ராக்காயி போகாமல் தலையைச் சொறிந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகனுக்குக் கல்யாணம். அன்றைக்கு மட்டும் அக்கா காம்பறாவைவிட்டு வெளியே வராமல் இருந்தால் நல்லதாம். தனக்கு அதில் ஒன்றுமில்லையாம், நாலு பேர் ஏதாவது சொல்வார்களாம்.

கருப்பம்மாவுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"நிக்கிறேன் ராக்காயி. மொதல்ல ஒம் மகனுக்கு ஆரத்தி எடுக்க நிக்கிறேன். அதுக்கப்புறந்தான் கங்காணி வாசல்ல."

ராக்காயி வெளியே பார்த்தாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது, அணை இருக்கிற பக்கம் கறுத்துக் கிடந்தது.

"எத்தன மணிக்கு வரணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றாள் கருப்பம்மா.