முடி கொட்டாத மருந்து

பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்த சாதியாவைத் தேடி, மறுநாள் காலையில் ஒன்பதாவது ஆளாக வீட்டுக்கு வந்தவள், சுருளிப்பட்டி சங்கிலியம்மாள். முன்னால் வந்த எட்டுப் பேரையும் போலவே அவள் கையிலும் ஒரு ஸ்கேன் கவர். இன்னொரு கையில் நாலாக மடித்த செய்தித்தாள். அதைப் பார்த்ததுமே சாதியாவுக்கு உடம்பெல்லாம் அலுத்துப்போனது.

இரண்டு மாதத்துக்கு முன்பு மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தி அது. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருஷமாக சாதியா செய்துகொண்டிருப்பது பெப்டைடு ஆராய்ச்சி. பெப்டைடு என்பது புரதத்தின் மிகச் சின்னத் துண்டு. ஊசி வழியாக உடம்புக்குள் போகும் அந்தத் துண்டுகள், புற்றுக்கட்டியில் சுரக்கும் ஒரு நொதி பட்டதும், யாரும் கோக்காமலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நூல் நூலாகக் கட்டியைச் சுற்றிப் படியும். ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். சுமந்து போன மருந்தையும் அங்கேயே இறக்கிவைக்கும். எலிகளில் பார்த்தாகிவிட்டது. மனிதர்களுக்கு வரப் பத்து வருஷமாகலாம், வராமலும் போகலாம். இதையெல்லாம் செய்தி எழுதக் கூப்பிட்ட நிருபரிடம் போனில் இருபது நிமிஷம் விளக்கினாள். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அவர், "அப்ப முடி கொட்டாதுல்லம்மா?" என்றார். அன்று காலையிலிருந்து அவள் பதினாலு எலிகளுக்கு ஊசி போட்டிருந்தாள். பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது. "கொட்டாது சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதுவே தலைப்பாக வந்தது.

அம்மா சுல்தான் பீவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். எட்டுப் பேரிடமும் சொன்னதையே சாதியா மறுபடி ஆரம்பித்தாள்.

"இது இன்னும் மனுசருக்கு வரலக்கா. எலிக்குத்தான் குடுத்துப் பாத்துருக்கோம்."

"எலிக்குச் சரியாப் போச்சா?"

"கட்டி சுருங்கிருச்சு."

"இப்ப நல்லாருக்கா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. "இல்லக்கா. உள்ள என்ன ஆச்சுன்னு கொன்னுதான் பாக்கணும்."

சங்கிலியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை மெல்ல அவிழ்த்தாள். விரற்கடை நீளத்துக்குப் புதுமுடி, கருகருவென்று.

"பாத்தியா, மொளச்சிருச்சு. ஒம் மருந்து வருதுன்னு படிச்சேன். மார எடுத்தப்பெறகு மதுரையில ஆறு தடவ மருந்து ஏத்தணும்னாக. மூணு ஏத்துனேன். அதோட நிப்பாட்டிட்டேன், ஆத்தா."

"எத்தன நாளாச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும். எம்மக முத்துலட்சுமியப் பொண்ணு பாக்க தேவதானப்பட்டியிலருந்து வாராக. மொட்டத் தலையோட அங்கன எப்பிடி நிக்க?"

வந்த எட்டுப் பேரில் இன்னும் யார் யார் நிறுத்தியிருக்கிறார்கள் என்று சாதியா கேட்டிருக்கவே இல்லை.

"பேப்பர்ல போட்டத நம்பி நிப்பாட்டலாமாக்கா?"

"நீ சொன்னேன்னுதான போட்டுருக்கு?"

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

சங்கிலியம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சாதியாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஆறி ஏடு கட்டியிருந்த டீயைக் குடித்துவிட்டு, துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டாள்.

"மதுரைக்குப் போனா மறுபடி கொட்டுமா?"

"கொட்டும்க்கா."

"நீ வருவியா?"

அன்று சாயங்காலம் சென்னைக்குப் போக எடுத்து வைத்திருந்த பையை சாதியா அவிழ்த்துப் போட்டாள். மறுநாள் விடிந்ததும் இருவரும் மதுரை பஸ் ஏறினார்கள். சின்னமனூர் தாண்டும்போதே சங்கிலியம்மாள் தூங்கிவிட்டாள். வீரபாண்டி வந்தபோது மட்டும் எப்படியோ விழித்து, கோயில் இருக்கும் பக்கமாகக் கும்பிட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இவர்கள் முறை வரும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பாதியில விட்டுட்டு எங்கம்மா போனீங்க? கட்டி திரும்ப வந்திருக்கான்னு ஸ்கேன் பாத்தாத்தான் சொல்ல முடியும். யாரு நிப்பாட்டச் சொன்னது?"

சாதியா வாயைத் திறந்தாள்.

"யாரும் சொல்லல சார்" என்றாள் சங்கிலியம்மாள். "களையெடுப்பு. ஆளு கெடைக்கல."

"இவங்க யாரு? மகளா?"

"எங்க பக்கத்துப் புள்ள. தொணைக்கு வந்துருக்கு."

டாக்டர் சாதியாவைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும் சார்."

முதலில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். நர்ஸ் ரப்பர் குழாயைக் கட்டி, புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஏற்கெனவே ஏற்றிய மருந்தில் நரம்புகள் கறுத்து உள்ளே அமுங்கிப் போயிருந்தன. ஒரு தடவை குத்தி எடுத்தாள். இன்னொரு தடவை குத்தினாள். ரத்தம் வரவில்லை. சங்கிலியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டே மற்ற கையின் வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டு, அந்தக் கையை நீட்டினாள்.

"இதுல பாருங்கம்மா."