பின் கண்ணாடியில் மாமனார் பெயர்

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்பாவின் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. ஒரு கையில் குடை. இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை சுற்றிய அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார். குடையின் முக்கால்வாசி அந்தப் பெட்டிக்குத்தான், தோள் மழைக்கு. ராஜகீழ்ப்பாக்கத்தில் குப்புராஜின் ஒர்க்‌ஷாப் தகரக் கூரைக்குக் கீழே நின்றிருந்த சரளா முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். அடையாளம் தெரிந்ததும் பக்கத்தில் நின்ற கணவனிடம் திரும்பினாள். கூடுவாஞ்சேரியில் இருக்க வேண்டியவர் இந்த மழையில் இங்கே எப்படி?

"அப்பாவுக்கு யார் போன் பண்ணது?"

ஏகநாதன் அவளைப் பார்க்காமல் கார் சாவியை விரலில் சுற்றினான். "நான்தான். அம்மா சொன்னாங்க."

"வேணாம்னு நேத்து அவ்ளோ சொன்னேனே."

"அவரு வாங்கிக் குடுத்த வண்டி. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுல இன்னா தப்பு?"

அவர் வாங்கிக் கொடுத்த வண்டி. இந்தப் பத்து மாதங்களில் கார் ஒழுங்காக ஓடிய நாட்களில் இந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்போதெல்லாம் அது 'நம்ம வண்டி'. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த நிலத்தை லேஅவுட்காரனுக்கு விற்றுவிட்டு, அப்பா துளசிங்கம் மகளுக்காக வாங்கிய கார். பின் கண்ணாடிக்கும் வைப்பர் வைத்த கார் அந்தப் பக்கத்தில் அப்போது வேறு யாரிடமும் இல்லை. கல்யாண மண்டப வாசலில் அப்பா அந்த சுவிட்சைப் போட்டுப் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். வெயிலில், சொட்டு மழை இல்லாமல், காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சிட்டுக்கொண்டு போய் வந்தது. "பின்னால வர்றவன் கூட நல்லாத் தெரிவான், பாத்துக்க" என்று சின்னப் பையன் மாதிரி சிரித்தார். சரளாவுக்கு அன்று கூச்சமாக இருந்தது.

சித்திரையில் மாமனாரின் திதி வந்தது. அன்றைக்குத்தான் மாமியார் கங்கையம்மாள் மகனிடம் சொல்லி, கார் பின் கண்ணாடியில் தன் கணவரின் பெயரை ஒட்ட வைத்தாள். 'தட்சிணாமூர்த்தி அண்டு சன்ஸ், சிமெண்ட் - கம்பி.' வெறும் ஸ்டிக்கர் இல்லை. கடை போர்டுக்குச் செய்வதுபோல், இரண்டு நாலணாக் காசுகளை அடுக்கிய கனத்தில், பொன் நிறப் பிளாஸ்டிக் எழுத்துகள். கண்ணாடிக்கு வெளியே பசை போட்டு ஒட்டியது. கீழே படுத்திருந்த வைப்பரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. கோடையில் யாருக்கு வைப்பர் ஞாபகம் வரும்? மாமியார் கற்பூரம் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரளாவும் சேர்ந்துதான் கும்பிட்டாள். இறந்தவர் பெயர், அதில் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஐப்பசி மழையில் ஏகநாதன் சுவிட்சைப் போட்டான். முன் சீட்டு எப்போதும் மாமியாருக்கு. பின் சீட்டில் இருந்த சரளாதான் திரும்பிப் பார்த்தாள். வைப்பர் ஒரு சாண் எழும்பி, எழுத்து வரிசையில் முட்டி, மேலே போக முடியாமல் முனகியது. "எழுத்துல இடிக்குதுங்க" என்று அன்றே சொன்னாள். "நீ பி.காம் படிச்சியா, மெக்கானிக் படிச்சியா?" என்று சிரித்தான் ஏகநாதன். மாமியாரும் சிரித்தாள். அடுத்த மழையில் குன்றத்தூர் போய்த் திரும்பியபோதும் அதையே சொன்னாள். மூன்றாம் மழையில் கருகல் நாற்றம் வந்து மோட்டார் நின்றுவிட்டது. அன்று மாலை, வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது, பின்னால் எதுவும் தெரியாமல் எருமை ஒன்றின் மேல் வண்டி உரசியது. கங்கையம்மாள் தெருவுக்கே கேட்கும்படி பேசினாள்: "குடுத்ததுதான் குடுத்தாரு, நல்லதாப் பாத்துக் குடுக்கக் கூடாதா? மாட்டுக்குப் பதிலா கொழந்த இருந்தா எம் புள்ள ஜெயிலுக்கு இல்ல போயிருப்பான்! உங்கப்பன வந்து பாக்கச் சொல்லு."

அந்த அப்பன் இதோ வந்துவிட்டார்.

"வாங்க மாமா" என்றான் ஏகநாதன். மரியாதைக்குக் குறைவில்லை. அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் சரளாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் என்றால் கடையை மூடிவிட்டு வருகிறவன், அம்மா முன்னால் மட்டும் காது கேளாதவன் ஆகிவிடுவான்.

"மன்னிச்சிக்கங்க மாப்ள. காலையிலயே ஜி.பி. ரோடு போய்ட்டேன். கடை கடையா ஏறி, ஒருத்தன்கிட்டதான் கெடச்சிது இந்த மோட்டாரு." அப்பா பெட்டியை நீட்டினார். "தப்பு என்னுதுதான். வாங்கும்போதே நல்லாப் பாத்து வாங்கியிருக்கணும்."

"அப்பா, நீங்க இன்னா தப்பு பண்ணீங்க?"

"நீ சும்மா இரும்மா."

குப்புராஜ் பின் கதவின் உள் அட்டையைக் கழற்றி, கறுத்துப்போன மோட்டாரை வெளியே எடுத்தான். மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தான். "கொள்ளிக்கட்ட மாதிரி கீது, சார். ஃபுல்லா சுட்டுகினு பூட்ச்சி."

"ஏன் எரிஞ்சுதுன்னு கேளுங்க" என்றாள் சரளா.

குப்புராஜின் பார்வை பொன் எழுத்துகளுக்குப் போய், ஏகநாதனுக்குப் போய், தரைக்கு வந்தது. அவன் வீட்டு மாடிக்குக் கம்பியும் சிமெண்ட்டும் ஏகநாதனின் கடையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. "மோட்டார்னா எரியத்தான்கா செய்யும். ராசி அப்படி. புதுசு மாட்னா பேஜார் ஓவர்."

புது மோட்டாரை மாட்டி, தனியாக ஒயர் கொடுத்து ஓடவிட்டுப் பார்த்தான். அது மெல்ல உறுமிச் சுற்றியது. பிறகுதான் வைப்பர் கையைப் பூட்டினான். அதுவரை பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, கையை நீட்டி முதல் எழுத்தைத் தொட்டார். விரல் எழுத்தின் கனத்தில் நின்றது. அதிலிருந்து கீழே படுத்திருந்த வைப்பருக்கு இறங்கியது. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க மோட்டார் பம்ப்போடு குடித்தனம் நடத்தியவர். அவர் முகம் மாறுவதைச் சரளா பார்த்தாள். சொல்லுங்கள் அப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் கத்தினாள். அவரோ விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, "எழுத்து ரொம்ப லட்சணமா இருக்குது, மாப்ள" என்றார்.

அதுவரை புருஷன் மேலும் மாமியார் மேலும் இருந்த கோபம் முழுவதும் ஒரு நொடியில் அப்பா மேல் திரும்பியது. பெண்ணைக் கொடுத்தால் கண்ணையும் கொடுத்துவிட வேண்டுமா?

"ஒரு தடவ சுவிட்ச் போட்டுப் பாருங்க" என்றாள்.

"அதான் ஓடுச்சே. கெளம்பலாம்." ஏகநாதன் வண்டியைப் பின்னால் எடுத்து, கூரைக்கு வெளியே மழையில் நிறுத்தினான். இன்ஜினை அணைக்காமலே, பின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க இறங்கினான். உடனே அப்பா ஓடினார். தான் நனைந்துகொண்டே, குடையை எட்டி மருமகன் தலைக்கு மேல் பிடித்தார்.

சரளா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவைப் பூட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

வைப்பர் ஒரு சாண் எழும்பியது. இடித்தது. நின்று முனகியது.

"ஐயோ, ஆஃப் பண்ணுக்கா!" குப்புராஜ் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான். "எழுத்துல மாட்டிகினு கீது! இதுவும் சுட்டுரும்!"

"எதுல மாட்டிக்கிட்டு இருக்கு? அவருக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

"எழுத்துலதான்கா! சார், எழுத்துல சார்!"

ஏகநாதன் ஜன்னலுக்கு வந்தான். "சரளா, வெளயாடாத. ஆஃப் பண்ணு."

"எழுத்த எடுங்க, ஆஃப் பண்றேன்."

"அது எங்கப்பா பேரு, சரளா." குரல் உடைந்திருந்தது. அம்மா சொல்லிக் கொடுத்த வார்த்தை இல்லை, அவனுடையதே.

அவள் ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கினாள். "தெரியும். கடை வாசல்ல ஆள் உசரத்துக்கு வைங்க, நான் தெனமும் பூ வைக்கிறேன். அதோ குடை புடிச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவர் எங்கப்பா."

"வேணாம்மா" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எரிஞ்சா எரியட்டும். நான் வேற வாங்கியாந்து தர்றேன்."

அவள் ஜன்னலை ஏற்றிவிட்டாள். முனகல் கனத்தது. மெல்லிசாக, சுட்ட ரப்பர் மாதிரி ஒரு வாசனை சீட்டுகளைத் தாண்டி முன்னால் வந்தது. அப்பா கடை கடையாக ஏறி வாங்கிய மோட்டார். அவள் கை சுவிட்சில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தாள். மழை வழிந்த பின் கண்ணாடியில் மாமனாரின் பெயர் இருட்டாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால், குப்புராஜ் நீட்டிய ஸ்க்ரூ டிரைவரை ஏகநாதன் வாங்கினான். அதன் நுனி முதல் எழுத்துக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது. அந்தக் கை நனையாதபடி, அப்பா குடையை இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்த்தார்.