நுரை வந்தால் ஆண்

1

இந்தக் கதையைக் குல்ஷன் அக்காவிடமிருந்து எடுத்தேன். செம்பாக்கத்தில் எங்கள் மேல் போர்ஷனில் இருக்கிறார், மொட்டை மாடியில் காடை வளர்க்கிறார். போன வாரம் ஒரு காடையின் உச்சந்தலை தோலுரிந்து ரத்தமாக இருந்தது. பார்த்த கையோடு கீழே ஓடிவந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ஏரியின் மேல் மாலை வெயில் சரிந்து

(வேண்டாம். ஏரிக்கு இதில் வேலையில்லை.)

இரண்டாவது: கூண்டைத் திறந்ததும் குல்ஷனுக்கு ரத்தம் தெரிந்தது.

(இருக்கட்டும். நேரில் அக்கா, கதைக்குள் அவள்.)

2

ஆண் காடை அதிகமானால் அடிதடிதான். நாலு பெட்டைக்கு ஓர் ஆண் போதும், மிச்சம் ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு. இது குல்ஷனின் சட்டம். பழுப்புக் காடையில் ஆணைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஆணின் நெஞ்சு செம்பழுப்பு, பெட்டையின் நெஞ்சில் கறுப்புப் புள்ளிகள். வெள்ளைக் காடையின் நெஞ்சு எதையும் சொல்லாது. அதைக் கவிழ்த்துப் பிடித்து வாலடியில் மெல்ல அழுத்த வேண்டும். நுரை வந்தால் ஆண்.

அன்று ஒரு வெள்ளைக் காடையின் அலகில் ரத்தம். குல்ஷன் கவிழ்த்து அழுத்தினாள். நுரை வந்தது.

"மாட்னியா," என்றாள். அதைத் தனியாகக் கூடையில் அடைத்தாள்.

(இந்த இடத்தில் வெள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பேட்டை ரவுடி, பொறாமைக்காரன், கழுத்தைச் சிலுப்பும் திமிர். நல்ல பக்கம். நீக்கிவிட்டேன்.)

3

ஞாயிறு காலை குல்ஷனின் தம்பி ஜைத் கத்தியோடு மாடிக்கு வந்தான். கூடையைத் திறந்தான்.

"அக்கா, உன் ரவுடி முட்ட போட்டுகீது."

"வெளாடாத."

"பின்ன நானா போட்டேன்?"

முட்டை இன்னும் சூடாக இருந்தது. ஆண் ஏறி மிதித்து இணைந்த கொஞ்ச நேரத்துக்குப் பெட்டையிடமும் அந்த நுரை ஒட்டியிருக்கும். குல்ஷனுக்குத் தெரிந்ததுதான். கோபத்தில் மறந்துவிட்டாள்.

"கத்திய உள்ள வை. பெட்டைய அறுக்க மாட்டேன்."

"அப்போ மண்டைய கொத்துனது யாரு?"

அவள் கூண்டை எட்டிப் பார்த்தாள். வெள்ளை கூடைக்குப் போனதிலிருந்து கூண்டில் புதுக் காயம் எதுவும் இல்லை. அடிபட்டது மஞ்சள் பூசிய தலையோடு, தொங்கவிட்ட சாக்குக்குப் பின்னால் ஒண்டியிருந்தது. இன்னொரு தடவை கொத்து வாங்கினால் பிழைக்காது. வெள்ளையோ கூடைக்குள் சுற்றிச் சுற்றி நடந்து, மற்றவற்றைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இரை தொடவில்லை.

4

முடிவு ஒன்று: குல்ஷன் வெள்ளையைக் கூண்டுக்குள் விட்டாள். எல்லாம் சமாதானமாக

(பொய்.)

முடிவு இரண்டு: ஜைத் பிஸ்மி சொல்லிக் கத்தியை

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

இரண்டையும், நீக்கிய அந்த ரவுடிப் பக்கத்தையும் மாடிக்குப் போய் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். தவிட்டைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"ஆம்பளையா இருந்தா யோசிக்காம அறுத்திருப்பேன் இல்ல தம்பி? அதே அலகு, அதே ரத்தம். அத எழுதுனியா?"

"இல்லக்கா."

"எழுது. வில்லன் பொண்ணுன்னதும் நீயும்தான ஒரு பக்கத்த கிழிச்ச?"

பிறகு கூடையைத் திறந்து வெள்ளையை என் கையில் வைத்தார். "கதை உன்னுது. நீயே முடி," என்று தண்ணீர் லாரியைப் பார்க்கக் கீழே போய்விட்டார்.

5

வலது கையில் காடை. இடது கை கட்டைவிரலால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். கூண்டுக் கதவு திறந்திருக்கிறது. சாக்குக்குப் பின்னாலிருந்து மஞ்சள் தலை எட்டிப் பார்க்கிறது. உள்ளங்கையில் இதன் நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிகிறது.

இந்தாருங்கள், வாசிக்கிற நீங்கள் கொஞ்சம் பிடியுங்கள். இறுக்காதீர்கள். விட்டுவிடவும் வேண்டாம், கூண்டா கத்தியா என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.