கோபத்தோடு மருந்தில் கை வைக்கக் கூடாது

விஸ்வநத்தத்தைத் தாண்டி இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியில், வேனை விட்டு இறங்கியதும் எல்லோரும் கேட்டில் இருக்கும் பெட்டிக்குள் போனைப் போட்டுவிட வேண்டும். சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும். அப்புறம் போர்மேன் சண்முகவேல் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். சண்டை போட்டுவிட்டு வந்தவர்களையும் கை நடுங்குகிறவர்களையும் வெடிமருந்து அறைக்குள் விடமாட்டார். "மனசு ஆறட்டும், அங்கன போயி உக்காருங்க" என்று வேப்பமரத்தைக் காட்டுவார்.

அன்றைக்குப் பானுப்பிரியாவுக்குக் காட்டினார். அவள் சண்டை போட்டவள்தான், ஆனால் போனில். ஊர்ப்பக்கத்து ஆட்கள் நிறைந்த முகநூல் குழுவில், தன் முகத்துக்குப் பதில் பூப்படம் வைத்த யாரோ ஒருத்தி, 'இந்தத் தீபாவளிக்கு எங்க தெருவிலயாச்சும் வெடிச்சத்தம் இல்லாம இருந்தா நல்லாருக்கும்' என்று எழுதியிருந்தாள். பானுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேனின் கடைசி சீட்டில் இருந்தபடியே, 'ஏசி ரூம்ல தூங்குற மகாராணிக்கு எங்க வயித்துப்பாடு எப்படித் தெரியும்? உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?' என்று 'சிவகாசிச் சிங்கம்' என்ற தன் முகநூல் பெயரில் தட்டிவிட்டாள். கேட்டுக்கு வருவதற்குள் விருப்பக்குறிகள் மளமளவென்று ஏறின. நியாயம் பேசிவிட்டோம் என்கிற சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. அந்தச் சுகத்தோடுதான் போனைப் பெட்டியில் போட்டாள்.

மரத்தடியில் ஏற்கெனவே மாரிசெல்வி இருந்தாள். அறையில் தினமும் பானுவுக்கு எதிரே உட்காருகிறவள். நடுங்கும் கைகளை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்திருந்தாள்.

மேகம் மூடிய காலை. மருந்து அறையிலிருந்து பறந்து இலைகளில் ஒட்டியிருந்த வெள்ளித்தூள் காற்றடிக்கும்போதெல்லாம் மினுங்கி உதிர்ந்தது. அது தலையில் விழுகிறதா, கனவில் விழுகிறதா என்று தெரியாமல் பானுவுக்குக் கண் சொக்கியது. எங்கோ தூரத்திலிருந்து வருவது போல மாரிசெல்வியின் குரல் வந்தது.

"பானு, போனுல பூப்படம் போட்டு ஒண்ணு எழுதினேன். தப்பாப் போச்சு."

தூக்கம் போயே போய்விட்டது.

"எந்தம்பி சரவணக்குமாரு வேலை பாத்த கம்பெனி வெடிச்சதுலருந்து, சத்தங் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிருதான். தீவாளியன்னிக்கு அவனை சத்தம் எட்டாத ஆனைக்குட்டம் டேமுப் பக்கம் கூட்டிட்டுப் போயி உக்காந்திருப்பேன். இந்த வருசம் வரமாட்டேங்கான். 'நான் என்ன கோட்டிக்காரனா, ஓடி ஒளிய'ங்கான். அதான் எழுதினேன். வெடியே வேணாம்னா சொன்னேன்? அதுலதான நானும் சோறு திங்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "கேட்டுக்கு வாரதுக்குள்ள மனசாட்சி இருக்கான்னு யாரோ கேட்டுருக்காக. இருக்கப்போயித்தான தாயி எழுதினேன்."

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப் பானுவுக்கு வாய் வரை வந்தது. போனாக இருந்தால் கேட்டிருப்பாள். இங்கே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. மாரிசெல்வி சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இருட்டுப் பெட்டிக்குள் தன் போன் மினுங்கி மினுங்கி இன்னும் விருப்பக்குறி வாங்கிக்கொண்டிருக்கும். சாயங்காலம் வரை அதை அழிக்கவும் வழியில்லை.

சண்முகவேல் வந்து பார்த்தார். "மாரி, கை நின்னுருச்சு. நீ வா." பானுவைப் பார்த்தார். "நீ இரு."

சாயங்காலம் கேட்டில் மாரிசெல்வி தன் போனைப் பானுவிடமே நீட்டினாள். "பயமா இருக்கு. இன்னும் எம்புட்டு வஞ்சிருக்காகன்னு நீயே பாத்துச் சொல்லு."

பானுவின் கையில் இப்போது இரண்டு போன்கள். தன் போனில் ஒரு தட்டு தட்டினால் போதும், எழுதியது போய்விடும். சிங்கம் யாரென்று இந்த அக்காவுக்குக் கடைசி வரை தெரியாது. விரல் அங்கே போயும் விட்டது. பிறகு தன் போனை அப்படியே மாரிசெல்வியின் கையில் வைத்தாள்.

"நாந்தான்க்கா."

மாரிசெல்வி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீயா?" என்றாள். அதைத் திருப்பிக் கொடுத்துத் தன் போனை வாங்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். தலைகுனிந்தபடி பானு கடைசியாக ஏறினாள். கண்ணீரை அடக்கத் தெரியவில்லை. முன்சீட்டைத் தாண்டும்போது, அங்கே உட்கார்ந்திருந்த மாரிசெல்வி பக்கத்து இடத்திலிருந்த தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு. எந்தம்பி பொளச்சு வந்த கதையச் சொல்லுதேன். முடியிற வரைக்கும் நடுவுல பேசக் கூடாது."

பானு உட்கார்ந்தாள்.