மாப்பிள்ளையின் மீன் பெட்டி

ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் வைத்திலிங்கத்துக்குச் சந்தேகம் என்பது நோயல்ல, தகுதி. தங்கை மகள் சத்யப்பிரியாவுக்கு வந்த மூன்று வரன்களை அந்தத் தகுதியால்தான் விரட்டியிருந்தார். ஒருவன் ரொம்பச் சிரித்தான், ஒருவன் சிரிக்கவேயில்லை, மூன்றாமவன் தேவைக்கேற்பச் சிரித்தான். அடுத்த வரன் சிதம்பரத்து இளவரசு. இவனைச் சத்யாவுக்கே பிடித்திருந்ததால் சந்தேகம் இரட்டிப்பானது.

கடலூர் துறைமுகத்தில் விசாரித்ததில் தகவல் கிடைத்தது: பையன் வாராவாரம் வந்து, யாரும் சீண்டாத கழிவு மீனைப் பொறுக்கி, தெர்மாகோல் பெட்டியில் அடைத்துக்கொண்டு ரயிலேறுகிறான்.

"கடல் அட்டை கடத்துறான் புஷ்பா. தடை பண்ணது. நேரா ஜெயிலு" என்றார் தங்கையிடம்.

"அவரு கம்ப்யூட்டர் கேமுக்கு ராட்சசன் வரையறவரு மாமா" என்றாள் சத்யா. "இதையும் கெடுத்தீங்கன்னா, இனிமே நீங்க கூட்டியார எவனுக்கும் நான் காபி கொண்டாந்து நிக்க மாட்டேன்."

ராட்சசன் வரைவதெல்லாம் ஒரு வேலையா? அதற்குச் சம்பளம் வேறா? வைத்திலிங்கம் சொல்லாமல் கொள்ளாமல் சிதம்பரத்தில் போய் இறங்கினார்.

"பெட்டியத் தொற தம்பி."

இளவரசு திறந்தான். ஐஸ் மேல் அட்டை எதுவும் இல்லை. பந்துபோல உப்பிய பேத்தை மீன், வாயைப் பிளந்த விலாங்கு, குத்துச்சண்டைக்காரன் மாதிரி முன்காலை மடக்கி வைத்திருந்த ஓர் இறால் வகை.

"இந்த எறா நெசத்துலயே நண்டு ஓட்ட ஒரே குத்துல ஒடைக்கும் மாமா. அத கேமுல பனமர ஒசரத்துக்கு ராட்சசனா ஆக்கி, விலாங்கு வாய வெச்சிருக்கேன். பாக்குறீங்களா?"

"காட்டு. வாயால சொன்னா நம்புற ஆளு நானில்ல."

திரையில் வைத்திலிங்கம் வாளோடு நின்றார். ராட்சசன் வந்தான், குத்தினான், வைத்திலிங்கம் செத்தார். மறுபடி நின்றார். மறுபடி செத்தார். பதவியில் இருந்தவரை எந்த விண்ணப்பமும் அவரை இத்தனை வேகமாகக் கடந்து போனதில்லை.

"கொஞ்சம் பின்னால போயிட்டு அடிங்க மாமா."

"நீ சும்மா இரு. நான் கையத் தூக்குறத இவன் முன்னாடியே பாத்துக்குறான். ஏதோ கோல்மால் இருக்கு இதுல."

மதியச் சோறு ஆறியது. காபி ஆறியது. சாயங்காலம் புஷ்பவள்ளி போன் செய்தாள்.

"என்னண்ணே, பையன் எப்பிடி? தாம்பூலம் மாத்திக்கலாமா, வேணாமா? இவ எதிர்லயே நின்னுக்கினு மொறைக்கிறா."

வைத்திலிங்கம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பையன் சுத்தம். நாள் பாத்துடு. அவன் ஒருத்தன பண்ணி வெச்சிருக்கான் பாரு, அவனத்தான் சரியா விசாரிக்கணும். நான் வர லேட்டாவும்."